ஒரு சொட்டுக்கு நேர்ந்த பால்கோவா

என் மாமா சங்கையா, தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தோடு ஒன்றுக்குப் போவதை விட்டுவிட்டார். பீடியை விட்ட மாதிரி அவராக விடவில்லை. அதுவாக நின்றுபோனது.

மாதம் ஒரு தடவை அவரை மதுரை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போவேன். பஸ் கல்லுப்பட்டியில் நின்றதும் ஆம்பளைகள் எல்லாம் இறங்கி ஒரு மதில் சுவரைப் பார்த்து ஓடுவார்கள். மாமா மட்டும் சன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஓடுகிறவர்களின் மஞ்சப்பையும் கூடையும் அவர் மடியில் ஏறிக்கொள்ளும். ஒருநாள் கண்டக்டர் கேட்டார்.

“அண்ணாச்சி, நீங்க எறங்கலையா? பொறவு திருமங்கலம் வரைக்கும் வண்டி நிக்காது.”

“நீங்க போய்ட்டு வாங்க தம்பி. எனக்கும் சேத்துப் போய்ட்டு வாங்க.”

கண்டக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். மாமா சிரித்துக்கொண்டே அந்தச் சுவரைப் பார்த்தார். தீபாவளிக்குத் துணி எடுக்காத வீட்டுப் பிள்ளை ஜவுளிக்கடைக் கண்ணாடியைப் பார்க்குமே, அந்தப் பார்வை.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு கம்பெனியில் மாமா செக்கர். கண்ணாடி மேஜைக்கு அடியில் டியூப்லைட் எரியும். வெள்ளைத்துணி அதன்மேல் ஓடிக்கொண்டே இருக்கும். இழை விட்ட இடமோ எண்ணெய்க் கறையோ வந்தால் மாமாவின் கை தானாகப் போய் நிறுத்தும். இருபத்திரண்டு வருஷம் இதே வேலை. வீட்டில் இட்லித் துணியைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இது செகண்ட்ஸ்” என்பார். “அப்ப இட்லியும் செகண்ட்ஸ்தான், திங்காதிய” என்பாள் பிச்சையம்மாள் அத்தை. கல்யாணமான புதிதில் அத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயாவாக இருந்தவள். யாருக்கும் பயப்பட மாட்டாள், டாக்டர் உட்பட.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குச் சொந்த ஊர் கூமாப்பட்டி. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்ட பிறகு, சும்மா திரிகிறவன் மாமாவுக்காவது உதவட்டும் என்று அம்மா இங்கே பஸ் ஏற்றிவிட்டாள்.

மாமாவுக்கு வியாதி காலில் ஆரம்பித்தது. செருப்பு போட்ட தடம் சாயங்காலம் குழியாக நிற்கும். அப்புறம் மூஞ்சி வீங்கியது. அப்புறம் வாந்தி. மதுரையில் பார்த்து, பிரஷர் ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சு என்றார்கள். மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணக் கையில் நரம்பை வெட்டி இணைத்தார்கள். அது அடைத்துக்கொண்டது. மறு கையில் செய்தார்கள். அதுவும் அடைத்துக்கொண்டது. கடைசியில் தொப்புளுக்குக் கீழே ஒரு குழாயை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். இனிமேல் வீட்டிலேயே அந்தக் குழாய் வழியாக ரெண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விடவேண்டும். அஞ்சாறு மணி நேரம் சுமந்துவிட்டு வடிக்கவேண்டும். ரத்தத்தில் இருக்கிற கழிவெல்லாம் அந்தத் தண்ணீரில் இறங்கி வந்துவிடும். தினம் மூன்று தடவை. மெட்ராசிலிருந்து லாரி சர்வீசில் அட்டைப்பெட்டியாகப் பைகள் வந்து இறங்கும். சேத்தூரில் இருந்த பிஞ்சைக் காடு அந்தப் பெட்டிகளுக்குள்தான் போயிருக்கிறது.

உள் அறையைக் கழுவி, சன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் பையைத் தொடவேண்டும். மூக்குத்துணி மாமா கம்பெனித் துணி. அதில் மட்டும் செகண்ட்சே கிடையாது. தண்ணீர் வடிந்து முடிந்ததும் பையின் அடியில் அச்சடித்த காகிதத்தை வைத்துப் பார்க்கவேண்டும். எழுத்து பளிச்சென்று தெரிந்தால் நல்லது. மங்கினால் வயிற்றுக்குள் கிருமி, உடனே ஓடிவரணும் என்று நர்சம்மா சொல்லியிருந்தார்கள். இந்த வேலையில் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. துணியைப் பார்க்கிற அதே கண். “பாஸ்” என்பார். ரெண்டரை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் பை ஃபெயிலாகவில்லை.

தினம் ஒரே தினத்தாளை வாசிப்பது போரடிக்கிறது என்று காகிதம் வைக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சினிமா நோட்டீஸ், லாட்டரி ரிசல்ட், தெரியாதவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, என் ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டு. எதை வைத்தாலும் பை வழியாகச் சத்தமாக வாசிப்பார். ஒருநாள் தெரிந்தவன் கடையில் டைப் அடித்து, காய்கறிக்கடை ரப்பர் ஸ்டாம்பு ஒன்றைக் கவிழ்த்துக் குத்தி ஒரு கடிதம் வைத்தேன். அவர் வாசித்தார்.

“திரு சங்கையா அவர்களுக்கு. பொருள், கழிப்பறை வரி விலக்கு. தாங்கள் மேற்படி வசதியைக் கடந்த இரண்டு ஆண்டுகளாகப் பாதி மட்டுமே பயன்படுத்தி வருவது விசாரணையில் தெரியவருவதால்...”

அதற்குமேல் முடியவில்லை. குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

“ஏலே, சிரிக்க வைக்காதல, குழா வலிக்கி.”

அத்தை அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து எட்டிப்பார்த்தாள். என்ன கடிதம் என்று தெரிந்ததும் கரண்டி என் முதுகுக்கு வந்தது. மாமா அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தார்.

சிரிப்பெல்லாம் பகலோடு சரி. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான் அவருக்குக் கணக்கு. சித்திரை வெயிலிலும் அவ்வளவுதான். எதிர்வீட்டுத் தங்கச்சாமி, மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரைக்காரர். காலையில் வாசலுக்கு வந்ததும், “ராத்திரி பத்துத் தடவ எந்திரிச்சேன் சங்கையா. ஒறக்கமே இல்ல” என்று புலம்புவார்.

“பத்தா?” என்பார் மாமா. குரல் இறங்கிவிடும். “குடுத்து வச்சவுக அண்ணாச்சி நீங்க.”

பால்காரர் எருமை தெருவில் நின்று பெய்தால்கூட, அது முடிகிற வரைக்கும் மாமா பேச்சை நிறுத்திவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். கிட்னி வேண்டும் என்று கேட்கவில்லை. அவ்வளவு பெரிய பொருள் கேட்க அவருக்குக் கூச்சம். “ஒரு சொட்டு வந்தாப் போதும் ஆத்தா. ஊர்லேருந்து ஒன் வாசலுக்கு நடந்தே வாரேன். எங்க தெருவுக்கே பால்கோவா குடுக்கேன்.” இதை அத்தையிடமும் என்னிடமும் சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார். வேண்டினது பலித்தால், நேர்ந்ததைச் செய்து முடிக்கிற வரை அதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். சொன்னால் ஆத்தா திருப்பி எடுத்துக்கொள்வாள். அவருடைய அப்பா, காணாமல்போன உழவுமாடு கிடைத்த சந்தோஷத்தில் பொங்கல் வைக்குமுன்பே ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம். மூன்றாம் நாள் மாடு செத்துவிட்டதாம்.

தொண்ணூற்றாறு மாசிக் கடைசியில் ஒரு காலை. அத்தை தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போயிருந்தாள். குளியலறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து மாமா என்னைக் கூப்பிட்டார்.

“ஏலே, ஒரு டம்ளர் எடுத்துட்டு வா. சத்தம் போடாத.”

கொடுத்தேன். செத்த நேரம் கழித்து டம்ளரை என்னிடம் நீட்டினார். அடியில் ஒரு கரண்டி அளவு இருந்தது. மோர் திரிந்த மாதிரி கெட்டியாக, கொஞ்சம் பச்சை ஓடி. நாற்றம் மூக்கில் அடித்தது.

“வந்துருச்சுல” என்றார். கண்ணில் தண்ணீர். அதற்கு மட்டும் அவருக்குக் கணக்கு கிடையாது.

“மாமா, இது ஒரு மாதிரி இருக்கே?”

“இருக்கும்ல. ரெண்டரை வருசம் உள்ள அடஞ்சு கெடந்த பைப்பு. நம்ம தெருக்குழாய்ல பத்து நாள் கழிச்சுத் தண்ணி விட்டா மொதல்ல என்ன வருது?”

“சேறு.”

“பொறவு?”

“தெளியும்.”

“அம்புட்டுத்தான்.”

எனக்கு அது சரியாகப் பட்டது. இன்றைக்கு யோசித்தாலும், ஒன்பதாம் வகுப்புக்கு அது சரியான விளக்கம்தான். பங்குனி முதல் செவ்வாய் நடந்துபோய் நேர்த்தியை முடிப்பது என்று சொன்னார். அதுவரை அத்தைக்கும் தெரியக் கூடாது. என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். தினம் டம்ளரைக் கழுவி வைப்பது என் வேலை.

நான்காம் நாள் அவருக்குக் குளிர் எடுத்தது. அடிவயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டே நடந்தார். அத்தை பையைத் தானே தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். நான் வைத்த சினிமா நோட்டீசில் சின்ன எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயர்கூடத் தெரிந்தது. வயிற்றுக்குள் கிருமி இல்லை. அப்புறம் காய்ச்சல் எங்கிருந்து? ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் நானும் அவரும் போனோம். டாக்டர் மதுரைச் சீட்டைப் புரட்டினார்.

“பை கலங்கலா வருதா?”

“கண்ணாடி மாதிரி வருது சார்.”

“சளி, இருமல்?”

“இல்ல சார்.”

“யூரின்தான் உங்களுக்குக் கிடையாது, இல்லையா?”

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது.

“கெடையாது சார்” என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். ஊரில் எல்லாரையும் ஏமாற்றி இருக்கிறேன். வாத்தியார் நாற்காலியில் நாயுருவி வைத்திருக்கிறேன். இல்லாத தந்திக்காகத் தங்கச்சாமியைத் தபாலாபீசுக்கு ஓட விட்டிருக்கிறேன். அதிலெல்லாம் வாயைத் திறந்துதான் பொய் சொல்லவேண்டியிருந்தது. இதற்கு வாயைத் திறக்காமல் இருந்தால் போதுமாக இருந்தது. டாக்டர் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, நாலு நாளில் குறையவில்லை என்றால் மதுரைக்குப் போகச் சொன்னார்.

நாலாம் நாள் பங்குனி முதல் செவ்வாய்.

காலையில் தண்ணீரை மாற்றி, வயிற்றில் ரெண்டு லிட்டரைச் சுமந்துகொண்டு மாமா கிளம்பினார். “காய்ச்சலோட இந்த வேண்டுதல் இப்ப என்னத்துக்கு?” என்று அத்தை கத்தினாள். “காய்ச்சல் போகத்தான்” என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன, பஸ்சில் ஏறினால் அரை மணி. நடந்தால் அன்றைக்குத் தீரவே மாட்டேன் என்றது. நூறு அடிக்கு ஒரு புளியமரம் என்று எனக்கு அன்றுதான் தெரியும். ஒவ்வொன்றின் அடியிலும் உட்கார்ந்தார். உதடு வெளுத்திருந்தது. பஸ்கள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போயின.

“மாமா, மிச்சத்துக்கு பஸ் ஏறுவம். ஆத்தா அந்தப் பக்கம் திரும்பியிருக்கையில ஏறிருவம்.”

“ஏலே, அவட்டயே ஒன் வேலையக் காட்டாத” என்று சிரித்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சட்டையைத் தாண்டிச் சுட்டது.

கோவில் வாசலில் சூடம் ஏற்றினார். குனிந்தவர் எழுந்திருக்க நேரமானது. பால்கோவாக் கடையில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வாங்கினோம். திரும்பும்போது பஸ். அவருக்கு உட்கார இடம் கிடைத்தது. வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் தெரு கூடியது. அவரே ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டி வைத்துச் சொன்னார்: “எனக்கு வந்துருச்சு.” புரியாதவர்களுக்கு நான் விளக்கினேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்புறம் யாரோ ஒருத்தி குலவை போட, எல்லாரும் சேர்ந்து போட்டுவிட்டார்கள், சமைந்த பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வீடு மாதிரி. தங்கச்சாமி பால்கோவாவைச் சர்க்கரை என்றும் பார்க்காமல் முழுங்கினார்.

“இனி ராத்திரி நம்ம ரெண்டு பேருமாப் போவம் சங்கையா. தனியாப் போக எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

என் சட்டைப்பையில் அன்றைக்கென்று டைப் அடித்த கடிதம் தயாராக இருந்தது. “பொருள்: கழிப்பறை வரி விலக்கு ரத்து.” கூட்டம் கலைந்ததும் பைக்கு அடியில் வைக்கலாம் என்று இருந்தேன்.

அத்தை மட்டும் பால்கோவாவை வாங்கவில்லை. வாசல்படியில் நின்று அவரையே பார்த்தாள்.

“வந்தத எங்க? எனக்குக் காட்டுங்க.”

மாமா கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார். டம்ளரோடு உள்ளே போய்விட்டு வந்து நீட்டினார். அத்தை அதை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கவில்லை. மூக்குக்குக் கொண்டுபோனாள். ஒரு தடவைதான்.

“எத்தன நாளா?”

“எட்டு நாளா. மொதல்ல சேறு மாதிரித்தான் வரும் பிச்ச, பொறவு...”

“இது மூத்திரம் இல்லைங்க” என்றாள். “சீழு.”

தெருவில் அப்போதும் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக மாமா பேண்டேஜ் துணியைப் புதுசாகத்தான் பார்த்திருக்கிறார். கட்டி அவிழ்த்த துணியைப் பார்த்தவள் அத்தை.

அம்பாசடர் ஒன்றை வாடகைக்குப் பிடித்து மதுரைக்குப் போனோம். கீழ்வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டார்கள். கால் லிட்டருக்கு மேலே சீழாகவே வந்தது. டாக்டர் எங்கள் மூன்று பேருக்கும் பொதுவாகச் சொன்னார்.

“சிறுநீர் ஓடிக்கிட்டே இருந்தா, சிறுநீர்ப்பையை அதுவே கழுவிக்கிட்டு இருக்கும். இவருக்கு ஓட்டம் கிடையாது. வெறும் பையா சுருங்கிக் கிடக்கு. உள்ள போன கிருமி குடியிருந்திருச்சு. வயித்துல விடுற தண்ணி தெளிவாத்தான் வரும். அது வேற ரூம், இது வேற ரூம்.” அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “முதல் நாளே யாராவது சொல்லியிருந்தா, குழாய் வச்சுக் கழுவி ஊசி போட்டுச் சரி பண்ணியிருக்கலாம். இப்ப ரத்தத்துல கலந்திருச்சு. வீட்ல யாருக்குமே தெரியாதா?”

அத்தை என் பக்கம் திரும்பினாள். நான் வாயைத் திறக்குமுன் கட்டிலிலிருந்து மாமா சொன்னார்.

“யாருக்கும் தெரியாது சார். நான் யார்ட்டயும் சொல்லல. இந்தப் பயலுக்கும் தெரியாது.”

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே காற்றாடியைப் பார்த்தார்.

தினம் ரெண்டு வேளை அந்தக் குழாய் வழியாக மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். கட்டில் காலில் தொங்கிய பையில் முதல் நாள் மஞ்சளும் பச்சையுமாக இறங்கியது. மறுநாள் சோறு வடித்த கஞ்சி மாதிரி. நாலாம் நாள் தெளிந்துவிட்டது. மாமா தலையைத் தூக்க முடியாமல் கண்ணை மட்டும் அதன் பக்கம் கொண்டுபோனார்.

“ஏலே, பேப்பர் வை.”

சட்டைப்பையில் அந்தக் கடிதம் இருந்தது. அதை எடுக்கவில்லை. இட்லி கட்டிவந்த தாளைத் துடைத்துப் பைக்குப் பின்னால் பிடித்தேன். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

“மணமகள் தேவை... அரசு வேலை... குடும்பப் பாங்கான...” மூச்சு வாங்கியது. “ஒங்க அத்தைட்டக் காட்டிறாத.”

“பாஸா மாமா?”

“பாஸு.” கொஞ்சம் பொறுத்து, “சொன்னேன்ல, மொதல்ல சேறு வரும்னு” என்றார்.

பை தெளிந்தது. ரத்தம் தெளியவில்லை. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. ஆறாம் நாள் மத்தியானம், அத்தை கஞ்சி வாங்கப் போயிருந்த நேரத்தில், அவர் போய்விட்டார்.

வேனில் கொண்டுவந்தோம். கல்லுப்பட்டியில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, “செத்த நேரம் அண்ணாச்சி” என்று கூட வந்தவர்களிடம் சொல்லிவிட்டு அந்தச் சுவரைப் பார்த்துப் போனார். மற்றவர்களும் இறங்கிப் போனார்கள். எனக்கும் மதுரையிலிருந்தே முட்டிக்கொண்டு இருந்தது. நான் இறங்கவில்லை. மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடிதத்தைச் சின்னச் சின்னதாகக் கிழித்துச் சன்னல் வழியாகப் போட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போனபிறகு, அத்தை அடுப்படியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த பைப் பெட்டிகள் சுவரோரம் அடுக்கியபடியே இருந்தன. நான் நிலையில் சாய்ந்து நின்றேன்.

“அத்த, மாமா ஆஸ்பத்திரில சொன்னது பொய். எனக்குத் தெரியும். மொத நாள்லேருந்தே தெரியும்.”

அவள் கரண்டி எதையும் தேடவில்லை. விளக்குவதையும் நிறுத்தவில்லை.

“தெரியும்ல” என்றாள்.

“எப்படி?”

“எட்டு நாளா ஒரு டம்ளரச் சாம்பல் போட்டு விளக்கி விளக்கிக் கவுத்தி வச்சிருந்த. ஒங்க ஆத்தா வீட்லகூட நீ ஒரு டம்ளரக் கழுவுனது கெடையாது. என்னமோ பய திருந்திட்டான்னு நெனச்சேன். அவியட்டயும் சொன்னேன், பாருங்க, பயலுக்குப் பொறுப்பு வந்துருச்சுன்னு.”

“மாமா என்ன சொன்னாக?”

அத்தை கையிலிருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

“சிரிச்சாக.”